கிலோக் கணக்கும் சாயும் கணக்கும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் சாம்பிள் வெளிநாடு போய்ச் சேருமுன் பல நேரம் படம் போய்விடுகிறது. அந்தப் படத்துக்காகக் கேமராவைப் பத்து முறை யோசித்து வாங்குகிறவர்கள், விளக்கைத் தாங்கும் ஸ்டாண்டை மட்டும் அட்டையில் அச்சிட்ட கிலோவைப் பார்த்தே எடுத்துவிடுகிறார்கள்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மடக்கு அலுமினிய ஸ்டாண்ட் விலை குறைவு. இரண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். கம்பெனி கம்பெனியாகப் போய்ப் படமெடுப்பவருக்கு அது பெரிய வசதி. பக்கவாட்டில் ஒரு சாஃப்ட்பாக்ஸை நேராகத் தாங்க அதுவே போதும்.

கோளாறு மேல்விளக்கில் தொடங்குகிறது. தோல் பளபளக்கும் பொருள். பெரிய விளக்கை மேலிருந்து நெருக்கமாகக் காட்டினால்தான் பளபளப்பு திட்டுத்திட்டாகத் தெறிக்காமல் சீராகப் படரும். மேசை நடுவில் ஸ்டாண்ட் நிற்க முடியாது. பூம் கம்பியை நீட்டித்தான் தொங்கவிட வேண்டும். அட்டையில் உள்ள கிலோவோ நேராக ஏற்றும் பாரத்துக்கானது. 2 கிலோ விளக்கு 1 மீட்டர் தள்ளித் தொங்கினால், மறுமுனையில் அரை மீட்டரில் 4 கிலோ கட்ட வேண்டும். ஆக, ஸ்டாண்டின் தலையில் 6 கிலோ. ஸ்டாண்டின் குழாய்க்குள் இருக்கும் ஏர் குஷன் இங்கே உதவாது: பூட்டு நழுவினால் குழாய் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான், சாய்வதை அது தடுக்காது.

ஸ்டாண்ட் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், பூம் தொய்ந்தால் தெரியாது. கறுப்பு ஷூவின் முனையில் ஓடும் வெள்ளைக் கோடு விளக்கின் பிரதிபலிப்பு. பூம் இரண்டு விரற்கடை இறங்கினாலே அது இடம் மாறும். ஒரே கேட்லாக்கில் முதல் ஜோடியும் கடைசி ஜோடியும் வேறு வேறு தோல்போலத் தெரியும்.

சினிமாக்காரர்களின் எஃகு சி-ஸ்டாண்ட் இந்தத் தொய்வைப் பெருமளவு தவிர்க்கும். கால்கள் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் மேசையடியிலும் நுழையும். ஆனால் தூக்கித் திரிய முடியாத கனம். முறையறியாமல் வைத்தால் அதுவும் சாயும். உயரமான கால் சுமையின் பக்கம் இருக்க வேண்டும். பாரம் இழுக்கும் திசையிலேயே திருகு இறுக வேண்டும். மணல் மூட்டை காலில் தொங்க வேண்டும். தரையைத் தொட்டால் அதன் எடை தரைக்குத்தான்.

எனவே நிலையான ஸ்டுடியோவுக்கு மேல்விளக்குக்கு ஒரு சி-ஸ்டாண்ட், பக்க விளக்குக்கு அலுமினியம் என்று பிரித்து வாங்குவதே சிக்கனம். அலைந்து படமெடுப்பவர் அகலமாகக் கால் விரியும் ஸ்டாண்டும் போன இடத்தில் நிரப்பிக்கொள்ளக் காலி மணல் பையும் கொண்டுபோனால் போதும்; பூமைக் குட்டையாக வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது கடையிலேயே உச்சிவரை ஏற்றி, தலையை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதை எந்த அட்டையும் சொல்லாது.