ரீஜன்ட் வீதியில் ஒரு கொக்கிறகு: வேர்ஜீனியா வுல்ஃபின் கட்டுரையொன்றை முன்வைத்து

வேர்ஜீனியா வுல்ஃப் பற்றி நம்மவர்கள் பேசும்போதெல்லாம் நனவோடை உத்தியும், 1929இல் வெளிவந்த ‘தனக்கென ஓர் அறை’யும்தான் முன்னுக்கு வரும். பறவைகளின் இறகு வியாபாரத்தைத் தடுப்பதற்கான சட்டமூலமொன்றைப் பற்றி அவர் 1920 ஜூலையில் எழுதிய கட்டுரை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ‘த வுமன்ஸ் லீடர்’ என்ற பெண்கள் இதழில் அது வந்தது. தலைப்பு ‘இறகுச் சட்டமூலம்’. ஒரே மூச்சில் வாசித்து முடிக்கக்கூடிய சிறு கட்டுரை. வனசீவராசிகள் அழிவதற்கு யார் பொறுப்பு? வாங்குபவரா, கொல்பவரா, விற்பவரா, சட்டம் செய்யாமல் இருப்பவரா? இன்றைக்கும் தீராத இந்தக் கேள்வியை இவ்வளவு கோபத்தோடு எழுப்பிய பிரதி வேறொன்றை நான் வாசித்ததில்லை. அந்தக் கோபம்தான் கட்டுரையின் பலம். அது சறுக்கும் இடமும் அந்தக் கோபத்தில்தான் இருக்கிறது.

பின்னணியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பிகளில் இறகும், சில வேளைகளில் முழுப் பறவையுமே சொருகப்பட்டன. பறவையியலாளர் ஃபிராங்க் செப்மன் 1886இல் நியூயோர்க்கின் கடைத்தெருக்களில் நடந்து 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றில் 542இல் இறகோ பறவையோ இருந்தது. அவர் அடையாளம் கண்ட இனங்கள் 40. எல்லாவற்றிலும் அதிக விலை போனது வெள்ளைக் கொக்கின் இறகு. நமது குளக்கரைகளில் நிற்கும் பெரிய வெள்ளைக் கொக்கும் சின்ன வெள்ளைக் கொக்கும் இதில் அடக்கம். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் அவற்றின் முதுகிலிருந்து நூல்போல் மெல்லிய இறகுகள் தொங்கும். மற்றக் காலங்களில் கொக்கைச் சுட்டு இலாபமில்லை. ஆகவே வேட்டை என்பது கூட்டில் குஞ்சோடு இருக்கும் தாயையும் தந்தையையும் சுடுவதாகவே இருந்தது. குஞ்சுகள் பட்டினியில் செத்தன. 1902இல் லண்டன் ஏலங்களில் மாத்திரம் 48,240 அவுன்ஸ் கொக்கிறகு விற்பனையாயிற்று. ஓர் அவுன்சுக்கு நான்கு பறவைகள் என்று வைத்து, 1,92,960 பறவைகள் கொல்லப்பட்டதாக அன்று கணக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் புளோரிடாவில் வேட்டைக்காரனுக்கு அவுன்சுக்கு 32 டொலர் கிடைத்தது. அக்காலத் தங்கத்தின் விலையைவிட அது அதிகம்.

இதை எதிர்த்து முதலில் எழுந்தவர்கள் பெண்களே. 1889இல் மான்செஸ்டருக்கு அருகே எமிலி வில்லியம்சன் என்பவர் தொடங்கிய சங்கத்தில் சேருபவர்கள், உணவுக்காகக் கொல்லப்படாத எந்தப் பறவையின் இறகையும் அணிவதில்லை என்று வாக்குறுதி கொடுக்க வேண்டும். தீக்கோழிக்கு மட்டும் விலக்கு. அந்தச் சிறு சங்கமே 1904இல் அரச சாசனம் பெற்று, இன்று பிரித்தானியாவின் பெரிய பறவைப் பாதுகாப்பு நிறுவனமாக நிற்கிறது. பொஸ்டன் நகரில் 1896இல் ஹரியட் ஹெமன்வே, மின்னா ஹோல் என்ற இரு பெண்கள் செல்வந்தர் வீட்டுப் பெண்களைத் தேநீருக்கு அழைத்து அதே வாக்குறுதியை வாங்கினார்கள். அடுத்த வருடமே மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இறகு வியாபாரத்துக்கு எதிரான சட்டம் வந்தது. 1900இல் லேசி சட்டம், 1918இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் என்று அமெரிக்காவில் காரியம் நகர்ந்தது. வைஸ்ரோய் கேர்சனின் இந்திய அரசாங்கம்கூட 1902இல் இறகு ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது. வியாபாரத்தின் தலைநகரமான லண்டன்தான் அசையவில்லை. 1908இல் பிரபுக்கள் சபை ஏற்ற சட்டமூலம் பொதுமக்கள் சபையில் கரையேறவில்லை. 1920இல் வந்த சட்டமூலமோ, அதைப் பரிசீலிக்க வேண்டிய குழுவில் போதிய உறுப்பினர்கள் வந்து அமராததால் செத்துப்போயிற்று.

இந்த நேரத்தில்தான் ‘நேஷன்’ இதழில், அதன் ஆசிரியர் எச். டபிள்யூ. மாசிங்ஹாம் ‘வழிப்போக்கன்’ என்று பொருள்படும் புனைபெயரில் ஒரு குறிப்பு எழுதுகிறார். பறவைகள் படும் பாட்டைச் சொல்லிவிட்டு, பெண்களுக்கு இதிலெல்லாம் என்ன அக்கறை, ரீஜன்ட் வீதியைப் போய்ப் பாருங்கள் என்ற தோரணையில் முடிக்கிறார். வுல்ஃப் இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொள்கிறார்.

கட்டுரையின் தொடக்கம் அலாதியானது. இந்தக் குறிப்பை வாசித்த பிறகு, பணமும் நேரமும் இருந்தால் நேரே ரீஜன்ட் வீதிக்குப் போய் ஒரு கொக்கிறகை வாங்கித் தொப்பியில் சொருகத் தோன்றுகிறது என்கிறார். முன்னுக்குச் சொருகுவதா பின்னுக்கா என்றும் அவருக்குத் தெரியவில்லை. சிறுவயதில் எடுத்த சத்தியத்தை அன்றுவரை தவறாமல் காத்து வந்தவர் அவர். பறவைக்காகப் போராடுபவர் தம் பக்கத்தில் ஏற்கெனவே நிற்கும் ஒரு பெண்ணை எப்படி எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. ‘நீ வாங்குவதால்தான் விலங்கு சாகிறது’ என்று விரல் நீட்டும் பிரசாரங்கள் நம் காலத்திலும் நிறைய இருக்கின்றன. அவற்றை நடத்துபவர்கள் இந்த முதற் பந்தியை ஒருமுறை வாசித்துவிட்டு வரலாம்.

பிறகு அவர் புனைகதைக்காரியாகிவிடுகிறார். ரீஜன்ட் வீதியில் ஒரு சீமாட்டியை நடக்க விடுகிறார். அவளுக்கு இசைநாடக அரங்கில் தனி இருக்கை உண்டு. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எலுமிச்சை நிறத்தில் கொக்கிறகு ஒன்று தொங்குகிறது. அவளை வுல்ஃப் கேலி செய்கிறார், ஆனால் அவள் அழகையும் ஒளிக்கவில்லை. அந்த இடத்தில் நாம் அவளை வெறுக்கத் தயாராகிவிடுகிறோம். உடனே காட்சி மாறி, இறகு பிடுங்கப்படும் சதுப்பு நிலத்துக்கு வந்துவிடுகிறோம். அங்கே சீமாட்டி இல்லை. சுடுபவன் ஆண். பிடுங்குபவன் ஆண். இலாபம் பார்ப்பவனும் ஆண். பாராளுமன்றக் குழுவுக்கு வராமல் இருந்தவர்களும் ஆண்களே. பிரித்தானியாவில் முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பகுதிப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து அப்போது இரண்டே வருடம். பொதுமக்கள் சபையில் அமர்ந்த முதற் பெண்ணான நான்சி அஸ்டர் உள்ளே போனது 1919 டிசம்பரில். அந்தச் சபை செய்யத் தவறியதற்குத் தொப்பி போடும் பெண் மீது பழி என்றால், வுல்ஃபின் கோபத்தில் பிழை சொல்ல முடியாது.

இவ்வளவும் பலம். இனிச் சறுக்கலுக்கு வருகிறேன்.

‘ஆண்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர் எல்லாரையும் அடக்கிவிடுகிறார். லண்டன் ஏலக்காரனும் சதுப்பு நிலத்து வேட்டைக்காரனும் அதற்குள் ஒருவராகிவிடுகிறார்கள். உண்மை அப்படியில்லை. புளோரிடாவில் கொக்குச் சுட்டவர்களிற் பலர் வேறு தொழிலுக்கு வழியற்ற கரையோரக் குடியேற்றவாசிகள். கை பிராட்லி என்பவர் இளவயதில் தாமே இறகு வேட்டைக்குப் போனவர். பின்னர் பறவைக் காவலராகி, 1905 ஜூலை 8இல் வேட்டைக்காரன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் அவருக்கு அறிமுகமான அயலவன். வழக்கு விசாரணைக்குக்கூடப் போகவில்லை. கொன்றவனும் செத்தவனும் ஒரே ஏழ்மையிலிருந்து வந்தவர்கள். இலாபம் லண்டனிலும் நியூயோர்க்கிலும் இருந்தது. இன்னொரு கூட்டத்தையும் வுல்ஃப் காணவில்லை. கிழக்கு லண்டனில் இறகைக் கழுவி, சாயமிட்டு, சுருட்டிக் கொடுத்த தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். சட்டம் வந்தால் இந்தப் பிள்ளைகளின் பிழைப்புப் போய்விடும் என்றுதான் வியாபாரிகள் வாதாடினார்கள். அந்த வாதத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டது கட்டுரையின் ஓட்டை. வரலாறும் அவர் போட்ட கோட்டில் நிற்கவில்லை. பறவைச் சங்கத்தின் தூணாக நின்ற எட்டா லெமன் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தவர். வாக்குரிமைக்காகச் சிறை சென்ற பெண்களில் பலர் இறகுத் தொப்பியோடு ஊர்வலம் போனவர்கள்.

வேட்டைக்காரனை அறிந்த ஓர் எழுத்தாளர் வுல்ஃபின் வீட்டிலேயே இருந்தார் என்பதுதான் விசேடம். அவருடைய கணவர் லெனாட் வுல்ஃப் நமக்கு அந்நியரல்லர். 1904இல் சிவில் சேவைக்காக இலங்கை வந்து, யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் நின்று, கண்டிக்குப் போய், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். அவருடைய ‘காட்டில் ஒரு கிராமம்’ நாவல் 1913இல் வந்தது. மனைவிக்கே சமர்ப்பணம். அதன் நாயகன் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். காட்டு மிருகங்களோடு உறவு கொண்டாடுபவன், அவற்றைச் சுட்டும் தின்பவன். சேனை செய்ய அனுமதி, துவக்குக்கு அனுமதி, வட்டிக்காரனின் கடன் என்று கயிறுகள் அவன் கழுத்தை இறுக்குகின்றன. கடைசியில் ஊர்த்தலைவனையும் வட்டிக்காரனையும் சுட்டுவிட்டு, வேட்டைக்காரனாக இருந்த தானே வேட்டையாடப்படும் மிருகமாகிவிட்டதை உணர்கிறான். வேட்டைக்காரனைத் துரத்தும் கைகளைக் கணவர் எழுதி ஏழு வருடத்துக்குப் பிறகு, மனைவி வேட்டைக்காரனை வெறும் ஆணாக எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்புகிறது. நாவலில் நகரத்து வாடிக்கையாளன் இல்லை. கட்டுரையில் காட்டு மனிதனின் கடன் இல்லை.

இதையெல்லாம் ஆங்கிலேயரின் பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நமது பக்கத்துக் காட்டோரக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி மானையும் மரையையும் கொல்வதும் விற்பதும் குற்றம். கட்டுத்துவக்கு வைத்தவன் எப்போதாவது அகப்படுகிறான். பத்திரிகையில் படத்தோடு செய்தியும் வரும். ஆனால் அந்த இறைச்சி யாருடைய சஹனுக்குப் போகவிருந்தது என்று எந்தச் செய்தியிலும் நான் வாசித்ததில்லை. வெளியூர் விருந்தாளிக்கு மரை இறைச்சி வைத்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் படித்தவர்கள், உத்தியோகத்தர்கள். அவர்களுக்கு மதிப்புக் குறைவதில்லை. லண்டனில் வாங்கியவள் மீது பழி விழுந்தது, கொன்றவன் கண்ணில் படவில்லை. நம்மிடம் கொன்றவன் மாட்டுகிறான், தின்றவர் கண்ணில் படுவதில்லை. இரண்டு இடத்திலும் எவரிடம் திருப்பிப் பேசும் அதிகாரம் குறைவோ அவரிடமே பழி போய்ச் சேர்கிறது. வுல்ஃபின் கட்டுரையை இப்படி வாசித்தால் அது பெண்களுக்காக வாதாடும் பிரதி என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. அவர் அப்படி எழுத நினைத்தாரா என்பது வேறு விடயம்.

கட்டுரை ஒரு கேள்வியோடு முடிகிறது. பறவைகளைச் சித்திரவதை செய்வதைவிடப் பெண்களுக்கு அநீதி இழைப்பது பெரிய பாவமாக இருக்கக்கூடுமோ என்பது அதன் சாரம். குத்தலாகக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டாலும் எனக்கு அந்த இடம் உவப்பாயில்லை. இரண்டு அநீதிகளைத் தராசில் ஏற்றியதும் கொக்கு கட்டுரையிலிருந்து பறந்துவிடுகிறது. வாக்குறுதி கொடுத்த பொஸ்டன் பெண்கள் அப்படி நிறுத்துப் பார்க்கவில்லை. தாம் வாங்குவதை நிறுத்தினார்கள், அதையே ஆயுதமாக்கிச் சட்டசபைக் கதவைத் தட்டினார்கள். தனிமனித விரதம் மட்டும் போதாது என்பதும், அந்த விரதம் எடுத்தவர்கள் இல்லாமல் சட்டம் வந்திருக்காது என்பதும் அந்த முப்பது வருடப் போராட்டத்தில் தெளிவாகவே தெரிகிறது.

லண்டனில் சட்டம் 1921இல் நிறைவேறி, 1922 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து இறகு கொண்டுவருவதைத்தான் அது தடுத்தது. விற்பதையோ அணிவதையோ அது தொடவில்லை. ரீஜன்ட் வீதிச் சீமாட்டி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த எலுமிச்சை நிற இறகோடு தன் இசைநாடக இருக்கையில் போய் உட்கார்ந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அதற்குள் பெண்கள் கூந்தலைக் குட்டையாக வெட்டத் தொடங்கிவிட்டார்கள். தலையோடு ஒட்டிய சிறு தொப்பி நாகரிகமாயிற்று, அதில் கொக்கிறகு சொருக இடமிருக்கவில்லை.