ஸ்காலர்ஷிப்பும் ஒரு பொய்த் தங்கையும்

ஃபிலிப் லார்கினைக் கவிஞர் என்று மட்டும் பேசி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவருடைய முதல் நாவலான ‘ஜில்’ (1946) கவிதைக்கு வந்து சேர்வதற்கு முன் செய்துபார்த்த பயிற்சி என்ற அளவிலேயே மதிக்கப்படுகிறது. ஸ்காலர்ஷிப்பில் ஆக்ஸ்ஃபோர்டு வந்த ஒரு பையனின் முதல் டெர்ம், 1940-இன் இலையுதிர் காலம். நாவலின் எல்லை இவ்வளவுதான். இதே விஷயத்தைப் பின்னால் ஆராய்ந்தவர்கள் தொடாத ஓர் இடத்தை லார்கின் இந்தச் சின்ன எல்லைக்குள் தொட்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

ஜான் கெம்ப் வடக்கே லாங்கஷயரிலிருந்து வருகிறான். அப்பா முன்னாள் போலீஸ்காரர். ரயில் பெட்டியில் மற்றவர்கள் முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு, வீட்டில் கட்டிக்கொடுத்த சாண்ட்விச்சைக் கக்கூஸுக்குள் போய் விழுங்குகிறான், மீதியை எறிந்துவிடுகிறான். திரும்பி வந்தால் எல்லோரும் அவரவர் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள், அவனுக்கும் நீட்டுகிறார்கள். கல்லூரி அறையில் நுழையும்போது, அறையைப் பங்குபோட வந்திருக்கும் கிறிஸ்டோபர் வார்னர் நண்பர்களோடு தேநீர் விருந்து நடத்திக்கொண்டிருக்கிறான். அங்கே புழங்கும் பீங்கான் கோப்பைகள் தன் வீட்டிலிருந்து வந்தவை என்பது கெம்புக்குப் பிறகுதான் உறைக்கிறது. அவன் வாய் திறப்பதில்லை. லார்கினும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை.

பணத்தை எண்ணியே பிழைப்பு நடத்துகிறவன் என்பதாலோ என்னவோ, பணம் எங்கே கை மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே படித்தேன். கிறிஸ்டோபர்தான் கெம்பிடம் கடன் வாங்குகிறான். உதவித்தொகையில் வந்தவன் வசதியான வீட்டுப் பையனுக்குக் கொடுக்கிறான், அதுவும் சந்தோஷமாக. ஸ்காலர்ஷிப் கட்டணத்தைக் கட்டிவிடும். அறைக்குள் ஓர் இடத்தை அதைக்கொண்டு வாங்க முடியாது. அந்த இடத்துக்குத் தனியாக ஒரு விலை இருக்கிறது. கெம்ப் முதலில் காசாகக் கொடுத்துப் பார்க்கிறான். தன்னைப் பற்றி அவர்கள் கேலியாகப் பேசிக்கொள்வதைக் கேட்க நேர்ந்த பிறகு, பொய்யாகக் கொடுக்கிறான்.

அந்தப் பொய்தான் ஜில். பள்ளியில் படிக்கும் ஒரு தங்கை. கிறிஸ்டோபரின் கவனத்தைக் கொஞ்ச நேரம் இழுப்பதற்காகப் பிறந்தவள், அவன் மறந்துபோன பிறகும் வளர்கிறாள். கெம்ப் அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். அவளை வைத்துக் கதை எழுதுகிறான். அவள் எழுதுவதாக டைரி எழுதுகிறான். அவமானத்தை மறைக்கக் கிளம்பியவன் சிருஷ்டிகர்த்தாவாகிவிடுகிறான். நாவலின் உயிர் இந்தப் பகுதிதான்.

ரிச்சர்ட் ஹோகார்ட் 1957-இல், ‘தி யூஸஸ் ஆஃப் லிட்டரஸி’யில், ஸ்காலர்ஷிப் பையனுக்கென்றே சில பக்கங்கள் ஒதுக்கினார். குடும்பம் முழுவதும் புழங்கும் அறையில், ரேடியோச் சத்தத்துக்கு நடுவே வீட்டுப்பாடம் எழுதும் பையன். இரண்டு உலகங்கள் உரசும் இடத்தில் நிற்பவன். கலிஃபோர்னியாவில் மெக்ஸிகக் குடும்பத்தில் வளர்ந்த ரிச்சர்ட் ரோட்ரிகெஸ் 1982-இல் வெளியிட்ட சுயசரிதையில், அந்தப் பக்கங்களில் தன்னையே கண்டதாகச் சொல்கிறார். கண்டிருப்பார், அவை நேர்மையான பக்கங்கள். ஆனால் ஹோகார்ட்டின் பையன் மதிப்பெண் வாங்குகிறான், தவிக்கிறான், பொய் சொல்வதில்லை.

1964-இல் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில் லார்கின், கெம்பின் பின்னணி கதைக்கு அவசியமானது என்றாலும் கதை அதைப் பற்றியது அல்ல என்கிறார். எழுதியவன் வாக்குமூலத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் நாவலுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அதே கல்லூரியில் விட்பிரெட் என்று இன்னொரு வடக்கத்திப் பையன், அவனும் ஸ்காலர்ஷிப்தான். விடாமல் படிக்கிறான், செலவில் கெட்டி, எதற்கும் கூசுவதில்லை. அவனுக்குத் தங்கை தேவைப்படவில்லை. ஒரு நாள் கெம்ப் அவன் அறைக்குள் புகுந்து பொருள்களை நாசம் செய்கிறான். தன் முகத்தைப் போலிருக்கும் முகத்தின் மீது வரும் இந்த வெறியை வர்க்க முரண் என்ற ஒரே சாவியால் திறந்துவிட முடியுமா? முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவனைப் பற்றி ஒரு நாவல் வந்தால் உடனே ‘ஆவணம்’ என்று முத்திரை குத்தி அலமாரியில் ஏற்றிவிடும் நம் விமர்சகர்கள் விட்பிரெட்டைத்தான் தேடுகிறார்கள். அவனை வைத்துக் கட்டுரை எழுதுவது சுலபம்.

கெம்பின் வறுமை லார்கினுக்கு இரவல். அவர் தந்தை கவன்ட்ரி நகராட்சியின் பொருளாளர். ஆனால் 1940 நவம்பர் 14 இரவு கவன்ட்ரி மீது குண்டு விழுந்தபோது லார்கின் ஆக்ஸ்ஃபோர்டில் முதலாண்டு மாணவர். ஊரைத் தேடிப் போய்ப் பார்த்தவர். நாவலில் கெம்பின் ஊரிலும் குண்டு விழுகிறது. பதறிப்போய் வருகிறான். வீடு தப்பித்திருக்கிறது, பெற்றோரும் பிழைத்திருக்கிறார்கள். இடிந்த தெருக்களில் நடக்கும்போது அவனுக்குள் கிளர்ச்சி போன்ற ஒன்று எழுகிறது: கடந்துவந்ததெல்லாம் ரத்தாகிவிட்டது, இனிப் புதிதாகத் தொடங்கலாம் என்று. பெற்றோர் உயிரோடிருப்பது தெரிந்த பிறகு வரும் கிளர்ச்சி இது. ஸ்காலர்ஷிப் பையனைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இவ்வளவு கொடூரமான, இவ்வளவு உண்மையான இடத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதற்குப் பிறகு நாவல் தளர்கிறது. ஜில்லின் சாயலில் நிஜப் பெண் ஒருத்தி வந்ததிலிருந்தே சம்பவங்கள் கதையை இழுத்துப்போகத் தொடங்கிவிடுகின்றன. குடி, ஒரு முத்தம், குளிர்ந்த நீரில் தூக்கி எறியப்படுதல், நிமோனியா. காய்ச்சலில் கிடத்திவிடுவது ஆசிரியருக்கு வசதி. உடம்பு தேறி, ஜனவரியில் அதே அறைக்கு, அதே கிறிஸ்டோபரிடம், தங்கையில்லாமல் திரும்பிப் போகும் கெம்பை அவர் எழுதவில்லை.