லா சப்பலும் அதன் நாயகனும்: 'லிட்டில் ஜாஃப்னா' திரைப்படம் குறித்து ஒரு மறுப்புரை

பாரிஸ் மாநகரின் வடபகுதியில், கார் து நோர் தொடருந்து நிலையத்தை அடுத்துள்ள லா சப்பல், ஈழத்தமிழரின் கடைவீதியாக அறியப்படுவது. லாரன்ஸ் வாலின் இயக்கி, முதன்மைப் பாத்திரத்தையும் தாமே ஏற்று நடித்த 'லிட்டில் ஜாஃப்னா' இவ்வீதியைக் களமாகக் கொண்டது. 2024ஆம் ஆண்டு வெனிஸ் விழாவின் விமர்சகர் வாரத்தில் நிறைவுப் படமாகத் திரையிடப்பட்டது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளையொருவர் தம் தெருவைத் தாமே படமாக்கியமை வரவேற்கத்தக்கது. ஆயினும் படம் நிறைவளிக்கவில்லை.

பிரெஞ்சுக் காவல்துறையைச் சேர்ந்த தமிழ் இளைஞன் மைக்கல், ஈழப்போரின் இறுதிக்காலத்தில், போராட்டத்துக்கு நிதி திரட்டும் குழுவொன்றினுள் ஊடுருவுகின்றான். புறத்தே இது குற்றக்கதை. அகத்தே, 'நான் யார்?' என வினவி முதிரும் இளைஞனின் கதை. குறை இவ்விடத்திலேயே தோன்றுகின்றது. அவ்வினா ஒரு சமூகத்தின் வினாவாக விரியாமல், நாயகனின் முகத்திலேயே தேங்கிவிடுகின்றது. குழுத்தலைவராக வேல ராமமூர்த்தியும் பாட்டியாக ராதிகா சரத்குமாரும் வலுவுடன் நடித்துள்ளனர். எனினும் அப்பாத்திரங்கள் பெரிதும் மைக்கலின் ஐயத்தைக் கூர்மையாக்கவே பயன்படுகின்றன. உழைத்தீட்டிய பணத்தை மக்கள் ஏன் கொடுத்தனர்? நம்பிக்கையாலா, அச்சத்தாலா, ஊரில் விட்டுவந்த உறவுகள்பாற் கொண்ட குற்றவுணர்வாலா? படம் இவ்வினாக்களைத் தொட்டு, உடனே நாயகனிடம் மீள்கின்றது. செறிந்த வண்ணங்களும் நாயகச் சட்டகங்களும் அவனை ஆராய்வதற்கு மாறாக அழகுபடுத்துகின்றன.

முதற் முழுநீளப் படத்தில் படைப்பாளி தம்மைப் பேசுவது இயல்பே எனலாம். உண்மை, தன்னைப் பேசுதல் குற்றமன்று. பாரிசில் வாழும் ஷோபாசக்தி, 2001இல் வெளிவந்த 'கொரில்லா' நாவலில் அந்தோனிதாசன் என்னும் தம் இயற்பெயரையே புகலிடம் கோருவோனுக்குச் சூட்டினார். ஆனால் அங்கு அவன் வாழ்வு, அதிகாரிகள் ஐயுறும் விண்ணப்பமாகின்றது. வாசகரும் அவனை ஐயுற நேர்கின்றது. தன்மீது எள்ளலும் ஐயமும் கொண்ட அத்தன்மையே அந்நாவலைத் தன்னிரக்கத்தினின்று காத்தது. வாலினின் படத்தில் நாயகன் தடுமாறுகின்றான். படமோ அவனை ஒருபோதும் ஐயுறவில்லை.

லா சப்பலைப் பற்றி இத்துணைப் பரந்த அரங்குகளை எட்டும் படங்கள் அரியவை. அதனாலேயே இக்குறையைப் பரிவின் பொருட்டு மறைத்தல் தகாது. நாயகன் சற்றே விலகி நின்றிருப்பின், அவனுக்குப் பின்னுள்ள தெரு நமக்குத் தெரிந்திருக்கும்.