காமநாயக்கன்பட்டிக் கோயிலின் பழமை

கோவில்பட்டியை அடுத்த கரிசற் பரப்பில் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா கோயில் அமைந்துள்ளது. தமிழ் பயில்வார்க்கு இவ்வூர் தனியுரிமை உடையது. 1711-ஆம் ஆண்டளவில் மதுரை மறைப்பணித்தளத்தை அடைந்த வீரமாமுனிவர் தொடக்கக் காலத்தில் பணியாற்றிய ஊர்களுள் இதுவும் ஒன்று. ஆகவே, இன்று காணும் சுவரும் முகப்புமே முனிவர் கண்டவை எனக் கொள்ளும் விருப்பம் எளிதில் எழும். அவ்விருப்பம் சான்றாகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முத்துக்குளித்துறையின் கடற்கரைக் கோயில்கள் போர்ச்சுகீசியர் துணையுடன் எழுந்தவை. உள்நாட்டு நிலை வேறு. 1606-இல் தத்துவ போதகர் மதுரையில் தொடங்கிய பணித்தளத்தில், தொடக்கக் காலக் கோயில்கள் பெரும்பாலும் மண்சுவரும் கூரையும் கொண்ட எளிய கட்டடங்களே. பாளையக்காரர் போரும் பஞ்சமும் அவற்றை நெடிது நிற்க விடவில்லை. மேலும், கரிசல் மண் மழையில் பருத்து, வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பது. கெட்டித் தரை காணும்வரை தோண்டிக் கடைக்கால் இட்டாலன்றி அதன்மேல் கனத்த சுவர் விரிசலின்றி நில்லாது. ஆள்வலியும் பொருள்வலியும் குறைந்த அக்காலப் பணித்தளத்திற்கு இஃது எளிதன்று.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. மீட்கப்பெற்ற சபையினர் 1838-இல் இப்பகுதிக்கு மீண்டனர். தென்தமிழகத்தின் உள்நாட்டில் உயர்ந்த கோபுரங்களும் மேலைநாட்டு வளைவுகளும் பெருகியது இதற்குப் பின்னரே. எனவே, கட்டடக் கூறு ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராயாது, முழுவதையும் முனிவர் காலத்ததாக உரைத்தல் பொருந்தாது.

அங்ஙனமாயின் இக்கோயிலின் பழமை யாண்டுளது? வழிபாட்டின் அமைப்பில் உளது என்பது எம் கருத்து. ஆகஸ்டு 15-இல் நிகழும் விண்ணேற்புப் பெருவிழாவில் கொடியேற்றமும் தேரும் உண்டு. தேரின் பின்னே அடியார் கும்பிடு சேவை செய்வர். அந்நாள் உலகத் திருச்சபைக்குப் பொதுவானது. ஆயினும், மழையை நோக்கி விதைப்பிற்குக் காத்திருக்கும் கரிசல் உழவர்க்கு அது வாய்ப்பான பருவமாகவும் அமைந்துவிட்டது.

இவ்வமைப்பைத் தேம்பாவணியோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உடைய அந்நூல் வளனாகிய சூசையப்பரின் வரலாற்றைக் கூறுவது. கதை யூதேயாவினது, ஆயினும் நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தமிழ்க் காப்பிய நெறியிலேயே தொடங்குகிறது. தாம் பணிபுரிந்த வானம் பார்த்த நிலத்தை முனிவர் அங்கே வரையவில்லை; புலவர் மரபு வேண்டிய நீர்வளத்தையே பாடினார். இதனைக் குறையென்பாரும் உளர். காப்பியத்தைத் தமிழ்க் காப்பியமாக்கியது அம்மரபே என்பதை அவர் நோக்கினாரல்லர். கோயிலும் அத்தகையதே. சமயப் பொருள் கடல் கடந்து வந்தது. கொடியும் தேருமாக அதனை ஒழுங்குபடுத்திய முறை இம்மண்ணினது. சுவர் பலமுறை மாறினும் இம்முறை தொடர்ந்தால் கோயிலின் வாழ்வு அறுபடுவதில்லை.

இதனால் சுவர் பயனற்றது என்பது கருத்தன்று. பிற்காலச் சுவரை முனிவர் தலையில் ஏற்றுவார், அதனை எழுப்பிய கொத்தர்க்கும் பொருளீந்த ஊரார்க்கும் உரிய வரலாற்றைப் பறிக்கின்றனர். அதனைப் பழமையற்றதென்று இடிப்பாரும் அப்பிழையையே வேறு வழியிற் செய்கின்றனர். தமிழகத்தில் பழைய ஆலயங்கள் பல, இடம் போதாமை கருதி இடிக்கப்பட்டுப் புதியனவாக எழுகின்றன. இடித்தல் தவிராதெனின், அதற்கு முன்னரே அளவெடுத்தலும், கல்வெட்டுகளைப் படியெடுத்தலும், பங்குப் பதிவேடுகளை ஒப்புநோக்குதலும் செய்யப்பெறல் வேண்டும். முனிவர் பெயரால் பெருமை கொள்ளும் தமிழ்த்துறையினர்க்கு அக்கடமையில் பங்குண்டு.