ஒலியும் உழைப்பும்: ஹெல்முட் லாக்கன்மானின் இசைநடை வளர்ச்சி பற்றிய ஒரு நோக்கு

நவீன இசையை அணுகும் மார்க்சிய விமர்சனம் பெரும்பாலும் இலகுவான இரு முடிவுகளுள் ஒன்றனைச் சென்றடைந்து வந்துள்ளது. மக்களுக்கு விளங்காதது உருவவாதம் எனத் தள்ளிவிடுவது ஒன்று. பழைய உருவத்தை உடைப்பதனாலேயே ஓர் ஆக்கம் முற்போக்கானது எனக் கொள்வது மற்றொன்று. கலைஞன் தன் ஊடகத்தில் நிகழ்த்தும் செயல் யாது என்பதை இரண்டுமே ஆராய்வதில்லை. ஜேர்மனிய இசையாக்குநர் ஹெல்முட் லாக்கன்மானின் ஆக்கங்கள் இவ்விரு முடிவுகளையும் மீள்பரிசீலனை செய்யுமாறு எம்மைத் தூண்டுகின்றன.

1935இல் ஸ்ருட்கார்ட் நகரில் புரட்டஸ்தாந்து மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், 1955 முதல் 1958 வரை அந்நகர இசைக் கல்லூரியிற் பயின்றார். 1957இல் டார்ம்ஸ்ராட் கோடைக்காலப் பயிற்சிநெறியிலே இத்தாலிய இசையாக்குநர் லுயிஜி நோனோவைச் சந்தித்தமை அவரது வாழ்வின் திருப்புமுனையாயிற்று. 1958 முதல் 1960 வரை வெனிஸ் நகரில் நோனோவின் மாணவராக இருந்தார். ஒலியின் உயரம், நீளம், வலிமை ஆகியவற்றை வரிசைமுறையால் ஒழுங்குபடுத்தும் நுட்பம் மேலோங்கியிருந்த காலம் அது. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரான நோனோ, எந்த ஒலியும் வரலாற்றுச் சுமையின்றி வருவதில்லை என்ற நோக்கினர். எனினும் குருவும் மாணவரும் சென்ற வழிகள் வேறுபட்டன. மரண தண்டனை பெற்ற பாசிச எதிர்ப்புப் போராளிகளின் கடிதங்களுக்கு நோனோ இசையமைத்தார். மாணவரோ சமூக உறவை ஒலியின் உடலிலேயே தேட முற்பட்டார்.

இத்தேடல் 1960களின் இறுதியில் முதிர்ச்சியடைந்தது. தனி வயலொன்செலோவுக்கென 1969இல் எழுதிய ‘பிரெஸ்ஸியோன்’ இதற்குத் தக்க உதாரணம். எந்தச் சுரம் கேட்கவேண்டும் என்பதைக் காட்டிலும், கை எங்கே செல்லவேண்டும், வில்லை எவ்வளவு அழுத்தவேண்டும் என்பவற்றையே அதன் இசைக்குறிப்பு பெரிதும் கூறுகின்றது. உரசலும் கீறலும் மூச்சுப்போன்ற ஓசையும் இங்கு இசையாகின்றன. 1948இல் பாரிஸில் பியேர் ஷாஃபர் அன்றாட ஓசைகளைப் பதிவுசெய்து இசையாக்கினார். அதே நோக்கை வாத்தியங்களின் மேல் திருப்பிய லாக்கன்மான், தமது முறையை ‘வாத்தியவழிப் பருப்பொருள் இசை’ என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

இதன் சமூகப் பொருள் யாது? முதலாளித்துவச் சந்தையில் பண்டம் தன்னை உருவாக்கிய உழைப்பை மறைத்து நிற்பதை மார்க்ஸ் விளக்கியுள்ளார். கச்சேரி மண்டபத்தின் ‘இனிய நாதமும்’ அத்தகையதே. தசையின் இறுக்கமும் மூச்சின் முயற்சியும் அங்கே கேட்கப்படாதவாறு மறைக்கப்படுகின்றன. லாக்கன்மான் அம்மறைப்பை நீக்குகிறார். இவ்வொப்புமை எம்முடையது. ஆயினும் ஒலியை, அதனைப் பிறப்பிக்கும் பொறிமுறை நிலைமைகளின் செய்தியாகக் கேட்டல் வேண்டும் என்பது அவரே வலியுறுத்திய கருத்தாகும்.

1977இல் இரு கித்தார்களுக்கென எழுதப்பட்ட ‘கோட்வெலுக்கு வணக்கம்’ எமக்கு மிக நெருக்கமான ஆக்கம். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1937இல் உயிர்நீத்த ஆங்கில மார்க்சியர் கிறிஸ்தோபர் கோட்வெல் எமது விமர்சன மரபுக்கு அந்நியரல்லர். கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தோர். தொம்சனோ கோட்வெலின் சிந்தனையைக் கிரேக்க இலக்கிய ஆய்வில் வளர்த்தெடுத்தவர். கவிதை கூட்டுழைப்பின் சந்தத்திற் பிறந்தது என்ற கருத்தே அவரிடமிருந்து நாம் பெரிதும் எடுத்துக்கொண்டது. லாக்கன்மான் எடுத்துக்கொண்டதோ ‘மாயையும் யதார்த்தமும்’ நூலின் இறுதிப்பகுதியில் வரும் அறைகூவலை: சமூகத்தின் ஒரு பகுதியில் மட்டும் வேர்கொண்ட சுதந்திரம் குறைபட்டது என்பது. வாசிப்போரே அவ்வசனங்களை அசையசையாகப் பிரித்து, தந்திகளை வருடும் கைகளின் சந்தத்தோடு உச்சரிக்கின்றனர். கொள்கை இங்கு மேலொட்டாக நில்லாது, கையின் வேலையோடு கலந்து ஒலிக்கின்றது.

ஆயினும் இவ்விசையின் முரண்பாட்டை நாம் மறைத்தல் தகாது. வாத்தியக் குழுக்களைச் சேர்ந்த இசைஞர் பலர் இவரது ஆக்கங்களை வெறுப்புடன் எதிர்த்தனர். உழைப்பை வெளிப்படுத்தும் இசையை உழைப்போரே எதிர்த்தமை சிந்தித்தற்குரியது. பல்லாண்டுப் பயிற்சியாற் பெற்ற திறன் அவமதிக்கப்படுவதாக அவர்கள் உணர்ந்ததில் நியாயமுண்டு. 1980களின் தொடக்கத்தில், இடதுசாரி இசையாக்குநரான ஹான்ஸ் வேர்னர் ஹென்ஸேயும் இதனை எதிர்மறை இசை எனச் சாடினார். லாக்கன்மான் 1983இல் பகிரங்கக் கடிதத்தில் மறுமொழி கூறினார். மக்களிடம் சென்றடைதல் பற்றிய ஹென்ஸேயின் கேள்வி வலிதானது. பழகிய அழகைப் பழகியவாறே வழங்குதல் அதற்கு விடையாகாது என்ற மறுப்பும் வலிதானதே.

1997இல் ஹம்பேர்க்கில் அரங்கேறிய ‘தீக்குச்சிச் சிறுமி’ இம்முரண்பாட்டை உயர்ந்த தளத்துக்கு இட்டுச்செல்கின்றது. அண்டர்சனின் கதையோடு, சிறுபராயத்தில் தாம் அறிந்தவரும், ஆயுதக் குழுவொன்றில் இணைந்து 1977இல் சிறையில் இறந்தவருமான குட்ருன் என்ஸ்லினின் எழுத்தையும் அவர் சேர்த்தார். உள்ளங்கைகள் உரசும் ஓசையிலும் நடுங்கும் மூச்சிலும் குளிர் கேட்கின்றது. ஓசை இங்கே ஏழ்மையின் உடலனுபவமாகிறது. முன்னைய மறுப்பு இரக்கத்தைக் கண்டடைகிறது. 2018இல் வாத்தியக் குழுவுக்கென அரங்கேறிய ‘மார்ஷ் ஃபத்தால்’, பழகிய அணிநடை இசையையே எடுத்து எள்ளலுக்குள்ளாக்கிற்று. மறுப்பும் ஒரு பழக்கமாகி உறைந்துவிடலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே நாம் கொள்கிறோம்.

எனவே லாக்கன்மானை உருவவாதி என ஒதுக்குதல் பொருந்தாது. அவரது இசை மக்கள் இசையாகிவிட்டது எனக் கூறுதலும் உண்மையாகாது. உழைப்பைச் செவிக்குப் புலப்படுத்தியது அவரது சாதனை. உழைப்போர் அமராத மண்டபத்தில் அதனைச் செய்யநேர்ந்தமை அவரது எல்லை. அவ்வெல்லை இசைக்குறிப்பினால் மட்டும் கடக்கத்தக்கதன்று. கோட்வெல் விடுத்த அறைகூவலும் கலைஞனோடு நின்றுவிடுவதன்று. மண்டபங்களின் கதவுகள் யாருக்குத் திறந்துள்ளன என்பதை விமர்சகராகிய நாமும் கேட்டல் வேண்டும்.