ரசிகர் பதிந்த ஒலிநாடா

இசைத்தட்டுகளைத் திறனாய்வோர் பலருளர். இசை நிகழ்ச்சிக்குப் போன ரசிகர் ஒருவர், கையோடு கொண்டுசென்ற கருவியில் தாமே பதிந்துவந்த ஒலிநாடாவைத் திறனாயப் புகுவோரோ மிகச் சிலர். இரைச்சலும் இருமலும் மலிந்த ஒன்றில் ஆராய என்ன இருக்கிறது என்பது பிறர் கேள்வி. நாம் எடுத்துக்கொண்டுள்ள நாடா அக்கேள்விக்கு விடை தரவல்லது என்று கருதுகிறோம்.

1976 ஜூன் 4, வெள்ளிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஃப்ரீ டிரேட் ஹால் எனும் பெருமண்டபத்தின் மாடியிலிருந்த சிற்றரங்கில், லண்டனிலிருந்து வந்த நால்வர் பாடினர். பங்க் ராக் என்று பின்னர் உலகறிந்த இசைவகையின் முன்னோடிக் குழு அது. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் அதன் பெயரை எழுத எம் எழுதுகோல் சற்றே தயங்குகிறது. பெயர் சூட்டியோர் விரும்பியதும் அத்தயக்கத்தையே போலும். பாடியவர் ஜானி ராட்டன். கிதார் ஸ்டீவ் ஜோன்ஸ். பேஸ் கிதார் கிளென் மேட்லாக். டிரம் பால் குக். ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்னும் இளைஞர் இருவர் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தனர். நுழைவுக் கட்டணம் 50 பென்ஸ். தம் சொந்தக் குழுவான பஸ்காக்ஸும் அன்று மேடையேற வேண்டும் என்பது அவ்விருவரின் எண்ணம்; குழு ஆயத்தமாகாமையால் அது கைகூடவில்லை.

வந்திருந்தோர் நாற்பது பேர் அளவில் என்பதே பெரும்பாலோர் கூறும் கணக்கு. அவர்களுள் பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர் இருவரும் பின்பு ஜாய் டிவிஷன் குழுவைத் தொடங்கினர். மாரிஸி என்பார் ஸ்மித்ஸ் குழுவின் பாடகரானார். இவர்கள் புகழ் ஏற ஏற, அவ்விரவின் புகழும் ஏறிற்று. "நானும் அன்று அங்கிருந்தேன்" என்போர் தொகையும் ஏறிற்று. அத்தனை பேரும் வந்திருந்தால் அச்சிற்றரங்கு அன்றே இடிந்து வீழ்ந்திருக்கும்! இதனை ஆராய்ந்து நூலே எழுதினார் டேவிட் நோலன். "ஆணையாகச் சொல்கிறேன், நான் அங்கிருந்தேன்" என்பது அதன் தலைப்பின் பொருள்.

அங்கிருந்ததாக ஆணையிடாமலே அங்கிருந்த சாட்சி ஒன்று உண்டு. ரசிகர் ஒருவர் அன்று பதிந்த நாடாவே அது. கள்ளப் பதிப்புகளாய் நெடுங்காலம் கைமாறி, 2016-இல் "லைவ் 76" என்னும் தொகுப்பில் முறைப்படி வெளிவந்தது.

இத்தகைய நாடாவைக் கேட்குமுன் அதன் இயல்பறிதல் வேண்டும். அக்கால ரசிகர்கள் பலரும் கையாண்டது, பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட் வகை. அவ்வகைச் சிறு கருவிகள் பலவற்றில் ஒலியளவைத் தானே சீர்செய்யும் அமைப்பு உண்டு. முழக்கம் பெருகும்போது கருவி தன் செவியைச் சுருக்கிக்கொள்ளும். முழக்கம் ஓய்ந்ததும் விரித்துக்கொள்ளும். ஆகவே பாட்டு நடக்கையில் கிதாரும் டிரம்மும் ஒன்றோடொன்று நசுங்கிச் சுவர்போல் நிற்கும். பாட்டு முடிந்த கணமே பக்கத்து இருக்கையின் இருமல் மேடைக்கு நிகராய் எழும். மேடையென்றும் கூட்டமென்றும் அக்கருவி வேற்றுமை பாராட்டுவதில்லை. இன்னொன்று: மின்கலம் தளர்ந்து, நாடா மெல்ல ஓடியவாறே பதிவாகியிருப்பின், பின்பு சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு விரையும், குரல் கீச்சிடும். இளமையின் வேகம் என்று நாம் வியப்பது மின்கலத்தின் முதுமையாகவும் இருக்கக்கூடும்.

குறைகள் இத்தனை இருந்தும் கருவிக்கு ஒரு பெருமை உண்டு. பண்டை அரபுக் கவிதைகளை நாவிலே சுமந்து பரப்பிய ராவிகளுள் கூஃபா நகரத்து ஹம்மாத் பெரும்புகழ் பெற்றவர். ஆயினும், தம் சொந்த வரிகளை முன்னோர் பாட்டில் கலந்துவிட்டார் என்ற பழியும் அவர்மீது உண்டு. நினைவாற்றல் மிக்க மனிதன் தான் சுமப்பதை அழகுபடுத்தாமல் இருப்பது கடினம். கருவி சிதைக்கும், ஆனால் அழகுபடுத்தாது.

மான்செஸ்டர் இரவைப் பற்றிய செய்திகள் பல இங்கேதான் உரசிப் பார்க்கப்படுகின்றன. அக்குழுவினர்க்கு வாசிக்கவே தெரியாது என்பது அவற்றுள் ஒன்று. பகைவர் இதை இகழ்ச்சியாகச் சொன்னார்கள்; நண்பர் பெருமையாகச் சொன்னார்கள். நாடாவைக் கேட்டால் இரு சாராரும் தவறினர் என்றே தோன்றுகிறது. பால் குக்கின் தாளம் தளராமல் நடக்கிறது. ஜோன்ஸின் கிதார் நுட்பமற்றது. எனினும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது. அடுத்து, பழமையை முற்றும் எரித்துப் பிறந்த இசை என்னும் கூற்று. அன்று பாடியவற்றுள் பல பிறர் பாட்டுகள்! ஹூ குழுவின் "சப்ஸ்டிட்யூட்", ஸ்மால் ஃபேசஸ் குழுவின் "வாட்சா கோனா டூ அபவுட் இட்", மங்கீஸ் குழுவால் பரவிய "ஸ்டெப்பிங் ஸ்டோன்", ஸ்டூஜஸ் குழுவின் "நோ ஃபன்" ஆகியவை சில. பத்தாண்டுப் பழைய பாட்டுகளைக் கடன் வாங்கிக் கடுஞ்சினத்தோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதே பொருந்தும்.

எல்லாவற்றினும் கருதத்தக்கது, நாடாவில் இல்லாத ஒரு பாட்டு. இக்குழுவின் பெயரைக் கேட்டதும் எவர்க்கும் நினைவில் எழும் "அனார்க்கி இன் தி யூ.கே." அன்று பாடப்படவே இல்லை. அவர்கள் அதே அரங்குக்கு ஜூலை 20-இல் மீண்டும் வந்தபோதே அது மேடை கண்டது. பஸ்காக்ஸ் குழு அங்கே மேடையேறியதும் அவ்விரவிலேயே. ஆகவே ஜூன் நிகழ்ச்சியில் அப்பாட்டைக் கேட்டு மெய்சிலிர்த்ததாக ஒருவர் கூறுவாராயின், அவர் பொய்யர் என்று நாம் சொல்லமாட்டோம். இரண்டாம் இரவை முதல் இரவாக்கிக்கொண்டார், அவ்வளவே. அவரை மெல்லத் திருத்த நாடா ஒன்றே போதும்.

நாடா மெய்யாயிருந்தும் அதன்மேல் ஒட்டிய சீட்டுப் பொய்யாவதும் உண்டு. அதே கட்டடத்தின் பெருமண்டபத்தில் 1966 மே 17 அன்று பாப் டிலன் பாடியபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கூவினார். அப்பதிவு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுக்கப்பட்டது என்ற பெயரிலேயே கள்ளத்தட்டுகளாய்ப் பல்லாண்டு உலவிற்று. 1998-இல்தான் முறையான பதிப்பு வந்தது. எனவே நாடாவை நம்புக, சீட்டை ஆராய்க என்போம்.

இனி, நம் நாடாவின் வலிமைக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்பவேண்டும். அதைக் கேட்டுவிட்டு, "இதற்காகவா இத்தனை பேர் வாழ்வை மாற்றிக்கொண்டனர்?" என்று கேட்போர் உளர். அக்கேள்வி நமக்கும் எழுந்தது. ஆனால் பீட்டர் ஹுக் மறுநாளே பேஸ் கிதார் ஒன்றை வாங்கினார் என்பதை எந்த நாடாவும் பதிந்திராது. நெஞ்சுக்கூட்டை அதிரவைத்த ஓசையளவைக் கருவி சுருக்கிவிட்டது. "இது நம்மாலும் ஆகுமே" என்று நாற்காலியில் ஒருவர் நிமிர்ந்ததற்கு ஓசையே இல்லை. மேடை கொடுத்தது நாடாவில் இருக்கிறது. செவி கொண்டது அங்கே இல்லை. மெல்லிய நாடாவைக் காட்டி அவ்விரவே வெறும் கட்டுக்கதை என்று தள்ளுவோரின் கருத்து இதனால்தான் நமக்கு உடன்பாடில்லை.

1977-இல் இக்குழுவின் ஒரே முழுத்தட்டு வந்தது. கிறிஸ் தாமஸ், பில் பிரைஸ் இருவர் மேற்பார்வையில், ஜோன்ஸின் கிதார் அடுக்கடுக்காய்ப் பதியப்பெற்றது. மேட்லாக் அதற்குமுன்பே விலகிவிட்டார். தேர்ந்த வேலைப்பாடுதான், ஐயமில்லை. எனினும் ஜூன் 4-இல் நின்ற நால்வரைப் பற்றி அது எதுவும் அறியாது.

ஆகவே இத்தகைய நாடாக்களைப் பதிப்பிப்போரிடம் நமக்கொரு வேண்டுகோள். பாட்டுகளுக்கிடையே உள்ள பேச்சையும், சிதறிய கைதட்டலையும், இருமலையும் வெட்டாதீர்கள். நாற்பது பேர் எத்தனை பேர் என்று நமக்குச் சொல்வது அவைதாம். தூய ஓசை வேண்டுவோர்க்கு 1977-இன் தட்டு இருக்கவே இருக்கிறது.