நடுவில் நிற்கும் கைப்பிடி

இந்தக் கைப்பிடியை மேலிருந்து கீழே ஒரே வீச்சில் கொண்டுபோக முடியாது. பாதி வழியில் 'டக்' என்று பிடித்து நிற்கும். மறுபடி கை கொடுத்து அழுத்தினால்தான் அடுத்த பக்கம் போகும். ஏழு வாரமாகப் புழங்குகிறேன். அந்த 'டக்' கேட்கும்போதெல்லாம் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

சொல்வது சேஞ்ச் ஓவர் சுவிட்சை. 63 ஆம்பியர், டூ போல், தகரப் பெட்டிக்குள் இருப்பது. தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீட்டில், மீட்டருக்குக் கீழே மாட்டியிருக்கிறது. ஜெனரேட்டர் ஹோண்டா. இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும், அதைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை. கொல்லையில், ஜன்னலுக்கு எட்டத்தில் வைத்திருக்கிறேன். புகை வீட்டுக்குள் வந்தால் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்களிடம் இந்தப் பெட்டி கிடையாது. ரப்பர் மரங்கள் லைன் மேலேயே சாய்ந்து கிடந்தன, போஸ்டுகள் ஒடிந்து கிடந்தன, எங்கள் தெருவில் ஒன்பது நாள் கரண்டு இல்லை. கிணற்று மோட்டார் ஓடாமல் குடிக்கத் தண்ணீர் இல்லை. வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் எடுத்தோம். ஊரில் பலரும் செய்ததையே நாங்களும் செய்தோம்: இரண்டு தலையிலும் பிளக் வைத்த ஒரு வயர். ஒரு தலை ஜெனரேட்டரில், இன்னொரு தலை அடுக்களை பவர் பிளக்கில். மெயினை ஆஃப் செய்ய மறக்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தோம்.

ஆறாம் நாள், வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு இளம் லைன்மேன் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். "சார், ஜெனரேட்டரை எதுல சொருகியிருக்கீங்க?" காட்டினேன். அவர் பிளக்கைப் பார்க்கவில்லை, நேராக மெயினைப் போய்ப் பார்த்தார். அது ஆனில் இருந்தது. கரண்டு வந்துவிட்டதா என்று காலையில் யாரோ போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். அவர் ஜெனரேட்டரை நிறுத்தினார், வயரை உருவி என் கையில் தந்தார், ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் ஏணியைப் போஸ்டில் சாய்த்தார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மெயின் ஆனில் இருந்தால் நம் வீட்டு மின்சாரம் வந்த வழியே தெருவுக்குத் திரும்பும். எது வரும் வழி, எது போகும் வழி என்று டிரான்ஸ்ஃபார்மருக்குத் தெரியாது; 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருகிற அதே சுருள், இந்தப் பக்கமிருந்து கொடுத்தால் ஏற்றிவிடும். தெரு முழுக்க லோடு இருந்தால் சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். ஆனால் புயலில் லைன் அறுந்து, நம் வீடும் இரண்டு போஸ்டும் மட்டும் தனியாகத் தொங்கும்போது, அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வோல்ட் ஏறக்கூட வேண்டாம், ஏணியில் நிற்பவரைத் தள்ள 230 தாராளம். உருவிய பிளக்கின் பித்தளைக் கால்களிலும் அதே 230தான் இருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பெட்டியில் யாரும் எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம். மின்வாரியத்தின் வயர் ஒரு பக்கம், ஜெனரேட்டர் வயர் மறு பக்கம், வீடு நடுவில். ஒன்றை விடாமல் இன்னொன்றைத் தொட கைப்பிடிக்கு வழியே இல்லை.

பொருத்த வந்த எலெக்ட்ரீசியன், "ஃபேஸை மட்டும் மாத்தினா போதும் சாரே, நியூட்ரல் சேர்ந்தே கிடக்கட்டும்" என்றார். நான் விடவில்லை. நியூட்ரலும் வெட்டுப்பட வேண்டும். தெருவில் நியூட்ரல் அறுந்து கிடக்கும் நாளில், நம் வீட்டில் ஏதாவது கோளாறு என்றால் அந்தக் கம்பி வழியாகவும் வோல்ட் வெளியே போகும். டூ போல் வாங்கிவிட்டு ஒரு போலைச் சும்மா விடுகிற வேலையை யார் செய்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கைப்பிடி நடுவில் நின்றாலும், வாரியத்தின் வயர் வந்து சேரும் முனைகளில் கரண்டு இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி என் வருத்தம். வாரியத்தின் கரண்டு திரும்பி வந்தது இந்தப் பெட்டிக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. வீடு ஜெனரேட்டர் பக்கம் இருப்பதால் ஒரு விளக்கும் சொல்லாது. முதல் மழையன்று, பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கேட்டுத்தான் கண்டுகொண்டேன். அதற்குள் எவ்வளவு நேரம் பெட்ரோல் வீணானதோ. இவ்வளவு கவனமாகச் செய்தவர்கள் ஒரு சிவப்பு இண்டிகேட்டரைப் பெட்டியிலேயே வைத்துத் தந்திருக்கலாம். நானே ஒன்று வாங்கி, வாரியத்தின் பக்கத்து முனையிலிருந்து சின்ன ஃபியூஸ் போட்டு எடுத்து வைத்தேன்.

எழுத்தும் அப்படித்தான். பெட்டியில் இருப்பது ஒன்று, பூஜ்யம், இரண்டு. முதல் நாளே அம்மா கேட்டாள், "மக்ளே, இதுல கரண்டு எது, மெசின் எது?" அதனால் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதினேன்: மேலே 'லைன்', கீழே 'மெசின்'.

போன வாரம் நான் நாகர்கோவிலில் இருந்தேன். சாயங்கால மழையில் கரண்டு போய், ராத்திரி ஒன்பது மணிவாக்கில் திரும்பியிருக்கிறது. சிவப்பு லைட்டைப் பார்த்து அம்மாவே கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து, ஜெனரேட்டரை அணைத்து, அப்புறம் லைனுக்கு ஏற்றிவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டாள்.